இன்குபா வீட்டுப் பிள்ளை

கட்டில் முதலில் வந்தது. ஆள் அப்புறம்தான் வந்தான்.

எதிர்வீட்டு வாசலில் சின்ன லாரி ஒன்று நின்று, இரண்டு பேர் அந்தக் கட்டிலை இறக்க முடியாமல் இறக்கிக்கொண்டிருந்தபோது நான் கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் இவ்வளவு பெரிய கிகாலி நகரத்தில் வேறு இடமே இல்லாததுபோல ஒரு கூடைப்பந்துக் கிளப் தன் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு என் பால்கடைக்கு நேர் எதிரே வீடு பிடித்தால் அது யாருடைய தப்பு? அடுப்பைத் தணித்து வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

அப்படி ஒரு நீளக் கட்டிலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கதவு வழியாக நுழையாமல் ஜன்னல் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அகலம்? ஒற்றை ஆள் புரண்டால் தரைதான்.

"கல்யாணக் கட்டிலாப்பா?" என்று தச்சனைக் கேட்டேன்.

"கிளப்புல சொன்ன அளவு, அக்கா. நீளம் மட்டும் குறையவே கூடாதுன்னு திரும்பத் திரும்பப் போன் பண்ணாங்க."

"அகலம்?"

"அகலத்தைப் பத்தி யாரும் பேசலியே."

அகலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. இன்குபா கிளப் கடைசியில் மனம் இளகி எதிர்வீட்டு டேரியஸுக்குக் கல்யாணக் கட்டில் செய்து கொடுத்துவிட்டது என்று தெருவே அன்று சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து பால் குடித்துச் சிரித்தது. அந்த அகலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் எப்படிப் படுப்பார்கள் என்று மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பையன்கள் சொன்ன யோசனைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை.

டேரியஸ் ஹோல்கம் யாரென்று சொன்னால்தான் இந்தக் கட்டிலின் அருமை புரியும். அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம் பிறந்தவன். அங்கே பந்தாடுகிறவர்கள் மழைக்குப் பிறகு வரும் ஈசல் மாதிரியாம். பெரிய ஆட்டத்துக்குப் போய்ச் சேருகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். மிச்சப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாக ஆடிப் பிழைக்கிறார்கள். நம் பையன்கள் வேலை தேடி அந்தப் பக்கம் போவார்கள். இவர்கள் வேலை தேடி இந்தப் பக்கம் வருகிறார்கள். பின்லாந்து, உருகுவே, லெபனான், இந்தோனேசியா, துனீசியா என்று இவன் ஆடாத பனியும் இல்லை, வெயிலும் இல்லை. ஒரு ஊரில் காலைப் பயிற்சிக்குப் போனால் அவனுடைய அலமாரியில் வேறொருவனின் காலணி இருந்தது. இன்னொரு ஊரில் விடுதி அறை அவன் சாவிக்குத் திறக்கவில்லை. கீழே போய்க் கேட்டால், உங்கள் கிளப் அறையை விட்டுவிட்டது என்றார்கள். வேறொரு ஊரில் தூங்கி எழுந்து பார்த்தால் கிளப்பே இல்லை. இதையெல்லாம் அவன் என் கடை பெஞ்சில் கால்களைத் தெரு வரைக்கும் நீட்டிக்கொண்டு, புளித்த பாலில் மந்தாசிப் பணியாரத்தை முக்கித் தின்றபடி சிரிக்கச் சிரிக்கச் சொல்வான்.

"உனக்கு அழுகையே வராதாடா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எதுக்கு, பாஸ்கல் அம்மா? அவங்க யாரும் என்னை சொந்தம்னு சொல்லல. வேலைன்னு சொன்னாங்க. வேலை போச்சு. அவ்ளோதானே?"

எங்கள் பாஷையை அவன் அப்படித்தான் பேசுவான், குழந்தை செங்கல் அடுக்குகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. ஆனால் பேசினான். மற்ற வெளிநாட்டுக்காரர்கள் சீசன் முடிகிறவரைக்கும் "நன்றி", "எவ்வளவு" இரண்டோடு காலம் தள்ளுவார்கள். இவன் மாதக் கடைசிச் சனிக்கிழமை தெருவைச் சுத்தம் செய்ய எல்லோரும் இறங்கும்போது தானும் மண்வெட்டியோடு வந்துவிடுவான். எங்கள் ஆட்களின் அளவுக்குச் செய்த மண்வெட்டி அது. பாதி உடம்பை மடித்துக்கொண்டு அவன் கால்வாய் வெட்டுவதைப் பார்க்கவே மேல்தெருப் பெண்கள் வருவார்கள்.

வந்த இரண்டாம் வருடமே இன்குபாவுக்கு நாட்டுக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். இறுதி ஆட்டத்தில் முட்டி வீங்கிப்போய், நொண்டிக்கொண்டே கடைசிப் பந்தைப் போட்டானே, அன்று ராத்திரி இந்த மேட்டில் ஊதாத ஹாரன் கிடையாது. அந்தக் கோப்பையால்தான் இன்குபாவுக்குக் கண்டப் போட்டியில் இடம் கிடைத்தது. ஆப்பிரிக்கா முழுக்க இருந்து கிளப்புகள் வரும், எங்கள் ஊரிலேயே, பெரிய அரங்கத்தில். "அதுல ஒரு தடவை ஆடிட்டேன்னா போதும், அப்புறம் முட்டி எப்படிப் போனாலும் சரி" என்பான். இத்தனைக்கும் எதிர்வீட்டில் அவனுக்கு இருந்தது சாதாரணக் கட்டில்தான். கால்மாட்டில் ஒரு பெஞ்சைப் போட்டு அதன்மேல் பாதத்தை வைத்துத் தூங்கினான். நீளமாக ஒன்று வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் கிளப் மேனேஜர் கபேரா, "வந்துட்டே இருக்கு மகனே" என்பார்.

ஃபாஸ்டின் கபேராவை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கிளப் மேனேஜர் என்பது அவருடைய சம்பளத் தொழில். புகழ் வாங்கிக் கொடுத்தது வேறு. பெண் கேட்கும் நாளில் மாப்பிள்ளை வீட்டுக்காக எழுந்து நின்று பேச அவரைப் போல ஆள் கிடையாது. மாப்பிள்ளை வாயைத் திறக்கக்கூடாது, பெண்ணைப் பெற்றவர்கள் கொடுக்க மாட்டேன் என்று கேலியாக மறிக்க வேண்டும், இவர் பேசிப் பேசியே பெண்ணை வெளியே வரவைக்க வேண்டும். மெழுகுக்கட்டி மாதிரி மாப்பிள்ளைக்குக்கூட இவர் பேசினால் சூரியனைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

பெண் கயிதேசி. தெருமுனையில் மருந்துக்கடை அவளுடையது. டேரியஸ் ஒரு நாள் அவள் கடைப் பலகையை நெற்றியால் உடைத்துவிட்டான். வேண்டுமென்று இல்லை, பலகை அவனுக்கு அந்த உயரத்தில்தான் இருந்தது.

"பலகைக்கு யாரு காசு குடுப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவள் அவனை உட்காரவைத்து நெற்றிக்குக் கட்டுப் போட்டாள். உட்கார்ந்த பிறகும் அவன் அவளைவிட உயரமாக இருந்தான். கட்டுப் பிரித்த பிறகும் அவன் தினமும் கடைக்குப் போனது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். முனை என் கடையிலிருந்து நன்றாகத் தெரியும்.

கயிதேசிக்கு அப்பா இல்லை. அவளுக்குப் பொறுப்பு அவளுடைய பெரியப்பா முசோனி. ந்யாகதாரேயில் மாடு வைத்திருப்பவர். என் கடைக்குப் பால் அவருடைய மந்தையிலிருந்துதான் வருகிறது. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் பால் வண்டியோடு அவரே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீ எதிர்ல இருக்கிறவ. உனக்குத் தெரியாதது இருக்காது. அவன் எப்படி?"

"தங்கமான பிள்ளைண்ணே."

"தங்கம் கெடக்கட்டும். நிப்பானா? பந்தாடுறவனெல்லாம் சீசனுக்குச் சீசன் பறக்கிற ஜாதி. என் தம்பி பொண்ண ஒரு ஏரோப்ளேன்ல ஏத்தி அனுப்பிச்சுட்டு நான் வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரியும். அவ அம்மாவை விட்டுப் போகமாட்டேன்னு அவளே சொல்லிட்டா."

"நிப்பாண்ணே. தன் பெட்டியையே கிளப் பஸ் டிரைவர் பொண்ணுக்கு ஹாஸ்டலுக்குப் போகக் குடுத்துட்டான். பெட்டி இல்லாதவன் எங்க போவான்?"

முசோனி அதைக் கேட்டுக்கொண்டே பாலைக் குடித்து முடித்தார். பிறகு, "கிளப் அவனை வச்சுக்கிட்டா நான் பொண்ணைக் குடுக்கறேன்" என்றார். அதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. டேரியஸுக்கும் அது தெரியும், கபேராவுக்கும் தெரியும்.

பெண் கேட்கும் நாளுக்கு நாங்கள் கிளப் பஸ்ஸில் ந்யாகதாரேக்குப் போனோம். மாப்பிள்ளைக்குச் சொந்தம் என்று ஒருவரும் இங்கே இல்லாததால் சொந்தத்தையும் கிளப்பே கொடுத்தது. சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட தம்பி என்று எல்லோரும் ஆட்டக்காரர்கள். தோளில் முடிகிற சம்பிரதாய வேட்டி ஒருவனுக்கும் கணுக்கால் வரை எட்டவில்லை. நான் மாப்பிள்ளை வீட்டு அத்தையாகப் பால் குடங்களோடு இறங்கினேன். கூடாரத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிரே நாற்காலி. வெளியே மரத்தடியில், பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பசு. கபேராவின் சொந்தத் தொழுவத்துப் பசு, கொம்பு வளைந்து, நெற்றியில் வெள்ளை விழுந்தது.

முசோனி கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "இவ்ளோ நெட்டை நெட்டையா வந்திருக்கீங்களே, கூடாரத்துக்குக் கம்பம் நட வந்த ஆளுங்களா? கம்பமெல்லாம் நட்டாச்சே. சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

கபேரா அவசரப்படவில்லை. வேட்டி நுனியைச் சரிசெய்தார். "கம்பம்தான் பெரியவரே, சரியாப் பாத்தீங்க. ஆனா கூடாரத்துக்கு இல்ல. உங்க குடும்பத்துக்கு ஒரு கம்பம் குறையுதுன்னு கிகாலியில பேசிக்கிட்டாங்க."

"எங்களுக்குக் கம்பமும் குறையல, எங்ககிட்ட பொண்ணும் இல்ல."

"பொண்ணு இல்லாத வீட்லயா காலையிலேர்ந்து உள்ள இவ்ளோ பேரு சிரிக்கிறாங்க?"

இரண்டு பக்கமும் கைதட்டியது. இப்படியே போனது. இல்லாத பெண்ணுக்குப் பதிலாக ஒரு கிழவியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். கபேரா அவளுக்கும் பரிசு கொடுத்து, "இவங்கள நானே கட்டிக்கறேன், பையனுக்கு வேற காட்டுங்க" என்றார். பிறகு முசோனி குரலை மாற்றினார். விளையாட்டு முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது.

"பையன் யாரு? எந்த மலையில பொறந்தவன்? அப்பன் பேரைச் சொல்லுங்க."

கபேரா நடுவில் வந்து நின்றார். "அப்பன் நான்" என்றார். "இவன் கடலுக்கு அந்தப் பக்கம் பொறந்தது எங்க அஜாக்கிரதை. தேடிக் கண்டுபிடிச்சுக் கொண்டுவர இத்தனை வருஷமாச்சு. இவன் இன்குபா வீட்டுப் பிள்ளை. எங்க சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் கண்டப் போட்டியில ஆடுவான். ஆட முடியாத காலத்துல எங்க சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுப்பான். செத்தா எங்க மண்ணுலதான். உங்க பொண்ணு எந்த ஏரோப்ளேனையும் அண்ணாந்து பாக்க வேண்டாம். இந்தப் பசுவைக் குடுக்கிற கையால சொல்றேன்."

டேரியஸ் அழுதான். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை பெரிய உடம்பு குலுங்க. எந்தக் கிளப் துரத்தியபோதும் அழாதவன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தினோம். முசோனி வெளியே போய்ப் பசுவைச் சுற்றி வந்தார், மடியைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், திரும்பி வந்து, "அழகான பசு. பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார். திரைக்குப் பின்னால் இத்தனையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கயிதேசி அப்போதுதான் வெளியே வந்தாள். சர்ச் கல்யாணம் கண்டப் போட்டி முடிந்த மறு வாரம் என்று பேச்சானது.

பெண் கேட்டுவிட்டு வந்த அடுத்த வாரம்தான் கட்டில் வந்தது.

கட்டில் வந்த சில நாளில் கபேராவின் காரிலிருந்து ஒருவன் இறங்கினான். இறங்கினான் என்பதைவிட, காரிலிருந்து அவனை விரித்து எடுத்தார்கள் என்று சொல்லலாம். டேரியஸே அவன் தோளுக்குத்தான் வருவான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காதில் பாட்டு, தோளில் இரண்டு பை. நேராக அந்த வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் டேரியஸ் தன் துணிமணியைப் போர்வையில் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"என்னடா இது?" நான் தெருவைத் தாண்டி ஓடினேன்.

"புது ஆளு, பாஸ்கல் அம்மா. கண்டப் போட்டிக்கு. வெளிநாட்டுக்காரங்க இத்தனை பேருதான்னு சட்டம் இருக்கு. என் இடத்துல அவன்."

"உன் இடத்துலயா? அந்த இடத்தை வாங்கிக் குடுத்ததே நீதானேடா!"

"முட்டி போச்சுன்னு டாக்டர் சொல்றாராம்."

"எப்ப சொன்னாங்க உனக்கு?"

அவன் போர்வை முடிச்சை இறுக்கினான். "நேத்து" என்றான்.

கயிதேசியிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். அன்று என் கடையில் பால் விற்றதைவிட வசவு விற்றது அதிகம். மகளுக்கு டேரியஸின் பெட்டியை வாங்கிக்கொண்ட பஸ் டிரைவர் செலஸ்டின் தொப்பியைக் கழற்றி மேசைமேல் அடித்தார். "பத்து நாள் முன்னாடி என் பஸ்ல கூட்டிக்கிட்டுப் போயி பிள்ளைன்னாரு! நானும் கை தட்டினேன். இந்தக் கையால!" கயிதேசி மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "நேத்து சொல்லி இன்னிக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க, மனுஷங்களா இவங்க?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். டேரியஸ் அவள் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பாவம், பேச்சே வரவில்லை என்று நினைத்தோம்.

முசோனிக்குப் போன் செய்தது நான்தான். யாராவது செய்யத்தானே வேண்டும்?

மறுநாள் மத்தியானம் அவருடைய பிக்கப் வந்து நின்றது. பின்னால் பசு. அதே பசு.

"அண்ணே, இதை எதுக்கு...?"

"ஏறு" என்றார். "நகரத்துல மாட்டை நடத்திக்கிட்டுப் போகக் கூடாதாம். வண்டியில புடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

அப்படித்தான் நான் போக நேர்ந்தது. பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால். கயிதேசியும் டேரியஸும் முன்னால். வாங்கிய பசுவைத் திருப்பிக் கொண்டுபோவது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் ஒருவனைத் திட்ட வார்த்தை கிடையாது. பரம்பரைப் பகையில்கூட அதைச் செய்யத் தயங்குவார்கள். வழியில் எங்களைப் பார்த்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார், பிணம் போகிற மாதிரி.

இன்குபாவின் பயிற்சிக் கொட்டகை வாசலில் முசோனி பசுவை இறக்கி இரும்புக் கேட்டில் கட்டினார். உள்ளே பந்து தட்டும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஆட்டக்காரர்கள் வேர்வையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட தம்பி எல்லோரும்தான். கடைசியில் கபேரா வந்தார். பசுவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"பெரியவரே, என்ன காரியம் பண்றீங்க? அவுத்துடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அன்னிக்கும் எல்லாரும் பாத்தாங்க." முசோனி கோலால் டேரியஸைக் காட்டினார். "இவன் உங்க பிள்ளையா?"

"கிளப் முடிவு பெரியவரே. தலைவர் எடுத்தது. நான் சம்பளக்காரன்."

"கிளப்பை நான் கேக்கல. கிளப்புக்கு வாய் கெடையாது. உங்க வாய்தான் பேசிச்சு. பிள்ளைன்னா வீட்ல சேத்துக்கங்க, நான் பசுவை ஓட்டிக்கிட்டுப் போறேன். பிள்ளை இல்லேன்னா இந்தக் கயித்தை உங்க கையால வாங்கிக்கங்க. ரெண்டுல ஒண்ணு."

கபேரா கயிற்றைப் பார்த்தார். ஆட்டக்காரர்களைப் பார்த்தார். அந்தக் கயிற்றைத் தொட்டால் இந்த ஊரில் இனி எந்த வீட்டுக் கல்யாணத்திலும் அவர் எழுந்து நிற்க முடியாது. தொடாவிட்டால் ஒரு வேலையில்லாத நெட்டையனுக்கு ஆயுளுக்கும் அப்பன். இப்படி மாட்டிக்கொண்ட மனிதன் பக்கத்தில் இருப்பவனையும் இழுத்துக்கொண்டு விழுவான்.

"என்னை மட்டும் கேக்கறீங்களே" என்றார். "உங்க மாப்பிள்ளையைக் கேளுங்க. அவனுக்கு எப்பத் தெரியும்னு கேளுங்க."

 பசு கேட்டில் கொம்பை உரசியது.

"நான் ஒண்ணும் முதுகுல குத்தல. பொண்ணு கேக்கப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே என் ஆபீஸுக்குக் கூப்பிட்டு மூஞ்சிக்கு நேரா சொன்னேன், இடம் இல்லைன்னு. இவன்தான் கெஞ்சினான். அன்னிக்கு மட்டும் வந்து பேசுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னான். புது ஆளு வர்ற வரைக்கும் ரசிகர்கள் காதுல போடாம இருன்னு நானும் சொன்னேன். இருந்தான். என் சொந்தப் பசுவை வேற குடுத்தேன் நான்!"

கயிதேசி டேரியஸ் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்க அவள் எப்போதும் அண்ணாந்துதான் பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை. அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நேத்துன்னு சொன்னியே."

"ஆமா."

"அவர் பேசும்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் அழுதே?"

அவன் சொற்களைத் தேடினான். செங்கல் கிடைக்காத குழந்தை மாதிரி கையை விரித்தான். "பொய்னு தெரியும். ஆனா... யாரும் அதை எனக்காகச் சொன்னதில்ல, கயிதேசி. எங்கயும். நடுவுல எந்திரிச்சு நிறுத்த முடியல. முடியட்டும்னு நெனச்சேன். கல்யாணம் ஆயிட்டா, அப்புறம் சொல்லிக்கலாம்னு."

எனக்கு அந்த நேரத்தில் அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பால் கொடுத்து உட்காரவைக்க வேண்டும் போலவும் இருந்தது. 'தங்கமான பிள்ளை' என்று முசோனியிடம் சொன்னவள் நான். முசோனி என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பதிலாக அவர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கயிதேசி ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள். "நீ பொய்னு தெரிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தே" என்றாள். "இவர் பொய்னு தெரிஞ்சு பேசினாரு. அந்தக் கூடாரத்துல உங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். திரைக்குப் பின்னாடி உக்காந்து ஒவ்வொரு வார்த்தையையும் நெஜம்னு நம்பினது நான் ஒருத்திதான்."

"கயிதேசி, நான் இங்கயே இருக்கேன். வேற வேலை..."

"இரு. ஊரு எனக்கு மட்டும் சொந்தமா என்ன?"

அவள் போய் பிக்கப்பில் பெரியப்பா பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரிய சத்தம்கூட இல்லை. முசோனி கயிற்று முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்து, அவிழாது என்று நிச்சயம் செய்துகொண்டு, வண்டியை எடுத்தார். என்னை ஏறச் சொல்லவில்லை. பிடித்துக்கொள்ளப் பசு இல்லையே.

வண்டி மேட்டில் ஏறி மறைகிறவரைக்கும் டேரியஸ் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். ஆட்டக்காரர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக உள்ளே போனார்கள். அவன் தோளைத் தொடலாமா என்று யோசித்த காப்டன்கூடத் தொடாமல் போய்விட்டான். பசு வேலியோரப் புல்லை நாக்கால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வது என்று கபேராவுக்குத் தெரியவில்லை. காவல்காரனைக் கூப்பிட்டார். அவன் கயிற்றைத் தொட மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

கபேராவுக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தி, எல்லாம் முடிந்துவிட்டது, இனி பழையபடி பேசலாம் என்பதுபோல, "மகனே, வெயில்ல நிக்காதே, வா" என்றார்.

கொட்டகை வாசலில் சுவரில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த புது ஆள் சட்டென்று திரும்பினான். எங்கள் பாஷையில் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சொல் அதுதான் போலிருக்கிறது. காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "எஸ், டாடி?" என்று கபேராவை நோக்கி வந்தான்.

வழியில் நின்றிருந்த டேரியஸ் அவன் போவதற்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டான்.